கார் நிறுத்தாத நான்கு இடங்கள்

மே 1

கிளீவ்லண்டில் தம்பி மகன் வீட்டில் ஒரு மாதமாக இருக்கிறேன். அமெரிக்கா கிளம்பும்போதே அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். நயாகரா காட்டாவிட்டாலும் பரவாயில்லை, மே மாதம் பிறந்ததும் என்னைக் கென்ட் ஊரில் கொண்டுபோய் விட்டுவிடு என்று. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தியவள் கேட்பது இதுவாகத்தான் இருக்கும் என்று அவனுக்கும் தெரியும். இன்று காலை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து இறக்கிவிட்டான். "அஞ்சாம் தேதி வந்து கூட்டிட்டுப் போறேன் அத்தை, குளிருக்குப் போர்த்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒஹாயோ மாநிலத்தின் வடகிழக்கில், ரப்பர் நகரமான ஆக்ரனுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர் கென்ட். நடுவில் கயஹோகா ஆறு ஓடுகிறது. பழைய பெயர் ஃபிராங்க்ளின் மில்ஸ். ரயில்பாதையைக் கொண்டுவந்த மார்வின் கென்ட் என்பவரின் பெயரால் பிறகு கென்ட் ஆனது. 1910ல் இங்கே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்கினார்கள். அது வளர்ந்து கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1970 மே 4, திங்கட்கிழமை, போரை எதிர்த்துக் கூட்டம் நடந்த அந்த வளாகத்தில் படை மாணவர்கள் மேல் சுட்டது, நான்கு பேர் இறந்தார்கள். அந்த இடத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். 1970ல் ஊர் மக்கள் சுமார் 28,000 பேர், மாணவர்கள் 20,000க்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் ஊரின் பயம் கொஞ்சம் புரியும்.

தங்கியிருப்பது ஒரு மர வீட்டின் மாடி அறையில். வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். 1970ல் அவருக்குப் பன்னிரண்டு வயது. இருவருமே வாத்தியார்கள் என்று தெரிந்ததும் தேநீர் வந்தது, பேச்சும் வந்தது. நான் வந்த காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கறுப்பு அணில் மேப்பிள் மரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. 1961ல் கனடாவிலிருந்து பிடித்து வந்து விட்ட அணில்களின் வம்சமாம், ஊருக்கே இப்போது அதுதான் அடையாளம்.

"எங்கள் ஊரைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு முதலில் அணிலைத்தான் காட்டுவோம்" என்றார். "நாளைக்குக் கடைவீதிக்குப் போகலாம். வெள்ளிக்கிழமையிலிருந்து சொன்னால்தான் திங்கட்கிழமை புரியும்."

மே 2

வெள்ளிக்கிழமை என்று அவர் சொன்னது 1970 மே 1. முந்தின நாள் இரவு அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, அமெரிக்கப் படைகள் கம்போடியாவுக்குள் நுழைவதாக அறிவித்திருந்தார். வியட்நாம் போரை முடிப்பேன் என்று சொல்லி ஜெயித்தவர், போரை இன்னொரு நாட்டுக்குள் கொண்டுபோகிறார். பையன்களுக்குப் படையில் சேரச் சொல்லிக் கடிதம் வந்துகொண்டிருந்த காலம். வெள்ளி மதியம் காமன்ஸ் என்னும் புல்வெளியில் கூட்டம் கூட்டி, அரசியல் சட்டத்தின் பிரதி ஒன்றைக் குழி தோண்டிப் புதைத்தார்கள் மாணவர்கள். திங்கட்கிழமை மதியம் மறுபடி கூடுவதென்று பேசிக் கலைந்தார்கள்.

அன்று இரவு நடந்தது வேறு. நார்த் வாட்டர் தெருவில் இப்போது நாங்கள் நடந்த அதே நடைபாதையில் மதுக்கடைகள் வரிசையாக இருந்தன. குடித்தவர்கள், கோபத்தில் இருந்தவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள், வெளியூர் மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்று எல்லாம் தெருவில் சேர்ந்துகொண்டன. நடுத்தெருவில் தீ மூட்டினார்கள். கடைக் கண்ணாடிகள் உடைந்தன. மேயர் லிராய் சாட்ரம் நெருக்கடி நிலையை அறிவித்து மதுக்கடைகளை மூடச் சொன்னார். உள்ளே இருந்தவர்களும் தெருவுக்கு வந்தார்கள், கூட்டம் இன்னும் பெருத்தது. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசி எல்லோரையும் பல்கலைக்கழகம் பக்கம் விரட்டியது.

வீட்டுக்கார அம்மாவின் அப்பா இந்தக் கடைவீதியில் ஒரு ஹார்டுவேர் கடையில் விற்பனையாளர். அண்ணன் கென்ட் ஸ்டேட்டில் இரண்டாம் ஆண்டு மாணவன். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள்.

"சனிக்கிழமை காலை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கண்ணாடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். அண்ணனும் ஏழெட்டு நண்பர்களும் துடைப்பத்தோடு வந்து நின்றார்கள், சுத்தம் செய்ய. எதிர்க் கடைக்காரர் ஒரு வாளியை நீட்டி 'வாங்கப்பா' என்றார். அடுத்த கடைக்காரர் 'உடைத்தவனே கூட்ட வந்துட்டான்' என்று கத்தினார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் கையில் இருந்த துடைப்பத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, 'வீட்டுக்குப் போ' என்றார்."

அந்தச் சனிக்கிழமை முழுக்க வதந்திகள். குடிநீரில் போதை மருந்து கலக்கப் போகிறார்கள், வெளியூர்த் தீவிரவாதிகள் கார் காராக வந்திறங்குகிறார்கள், கடையில் போர் எதிர்ப்பு வாசகம் ஒட்டாவிட்டால் கொளுத்துவார்கள். இந்தக் கடைசி மிரட்டல் சில வியாபாரிகளுக்கு நேராகவே வந்தது. அவருடைய அம்மா வீட்டிலிருந்த ஜாடி, பானை, குளியல் தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தாராம். பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயம் நிஜம். எட்டரை மணிவாக்கில் பல்கலைக்கழக வளாகத்தில் ஆர்.ஓ.டி.சி. என்னும் ராணுவப் பயிற்சிப் பிரிவின் பழைய மரக் கட்டடம் தீப்பிடித்தது. அணைக்க வந்தவர்களின் தண்ணீர்க் குழாய்களை அறுத்தார்கள். மேயர் ஏற்கெனவே கேட்டிருந்த, மாநில அரசின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டு ஊருக்குள் நுழைந்தபோது வானம் சிவந்திருந்தது.

"மாடியிலிருந்து பார்த்தேன். நீங்கள் தங்கியிருக்கிற அறைதான்" என்றார்.

இதை எழுதும்போது அந்தச் சன்னல் எனக்கு நேரே இருக்கிறது.

மே 3

இன்று பகலில் அதிகம் நடக்கவில்லை, மழைத் தூறல். ஆற்றங்கரைப் பூங்காவில் பழைய அணையைப் பார்த்துவிட்டு வந்தேன். மதியம் சமையலறையில் உட்கார்ந்து பேசினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்ததாம். ஊரில் கிட்டத்தட்ட ஆயிரம் படைவீரர்கள். தெருமுனைகளில் கவச வண்டிகள், தலைக்கு மேல் ஹெலிகாப்டர். எரிந்த கட்டடத்தைப் பார்க்கப் பிள்ளைகளோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இவரும் அம்மா சுட்ட பிஸ்கட்டை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போய் வீரர்களுக்குக் கொடுத்திருக்கிறார். "எல்லாம் அண்ணன் வயதுப் பையன்கள். ஒருவன் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான்" என்றார். அதற்கும் காரணம் உண்டு. லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் காவல் வேலை பார்த்துவிட்டு, ஓய்வில்லாமல் நேரே இங்கே வந்தவர்கள் அவர்கள்.

அன்று காலை மாநில ஆளுநர் ஜேம்ஸ் ரோட்ஸ் வந்தார். செனட் வேட்பாளர் தேர்வில் நின்றிருந்தார், வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள். நிருபர்களுக்கு முன் மேசையைத் தட்டிப் பேசினார். கலகம் செய்கிறவர்கள் ஹிட்லரின் பழுப்புச் சட்டைக்காரர்களை விட மோசம், அமெரிக்கா வைத்திருப்பதிலேயே மட்டமான ஆட்கள் என்றார். இரண்டு நாள் முன்னால் நிக்சனும் கல்லூரியில் கலகம் செய்பவர்களை 'உதவாக்கரைகள்' என்று சொல்லியிருந்தார். பெரிய இடத்திலிருந்து வரும் ஒரு சொல் என்ன செய்யும் என்பதை முப்பது வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இங்கே அது ஒரு சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்த கதையை இந்த அம்மா சொன்னார். "அந்த ராத்திரி அப்பா முதல் தடவையாக அண்ணனின் நண்பர்களை 'அவனுங்க' என்றார். அதுவரை எல்லோருக்கும் பெயர் இருந்தது."

அன்று இரவு பல்கலைக்கழக வாசலில், மெயின் தெருவும் லிங்கன் தெருவும் சேரும் இடத்தில் மாணவர்கள் உட்கார்ந்து மறித்தார்கள். மேயரும் பல்கலைக்கழகத் தலைவரும் வந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள். யாரும் வரவில்லை. துப்பாக்கி முனைக் கத்திகள்தான் வந்தன. சிலருக்குக் குத்துக் காயம்.

இரவு 11 மணி. ஒவ்வொரு வருடமும் இந்த நேரத்தில் மெழுகுவத்தி ஏந்தி வளாகத்தைச் சுற்றி நடக்கிறார்கள். நானும் அவர் கூடப் போனேன். கோஷம் இல்லை, பாட்டு இல்லை. மாணவர்கள், நரைத்த தலைகள், ஒரு சக்கர நாற்காலி. காற்றில் என் மெழுகுவத்தி நாலைந்து முறை அணைந்தது. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வந்த பெண் ஒன்றும் பேசாமல் தன்னுடையதைச் சாய்த்து ஏற்றிவிட்டாள். தேர்வு நேரமாம், தோளில் பை நிறையப் புத்தகம்.

நடை முடிகிற இடம் பிரெண்டிஸ் ஹால் விடுதியின் கார் நிறுத்துமிடம். அங்கே நான்கு பேர் விழுந்த நான்கு இடங்களில் ஆள் நிற்கிறார்கள். அரை மணிக்கு ஒருவர் மாறி, மறுநாள் மதியம் 12:24 வரை. வீட்டுக்கார அம்மா வருடா வருடம் சாண்ட்ரா ஷோயர் விழுந்த இடத்தில் நிற்பவர். அரை மணி நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு குளிரில் நின்றேன். மணி இரண்டாகிறது. மீதியை நாளை எழுதுகிறேன்.

மே 4

டெய்லர் ஹால் என்ற பல்கலைக்கழகக் கட்டடம் ஒரு மேட்டின் மேல் நிற்கிறது. பிளாங்கெட் ஹில் என்று பெயர். வெயில் நாளில் போர்வை விரித்துப் படிக்கிற மேடு. ஒரு பக்கம் இறங்கினால் காமன்ஸ் புல்வெளி, மறு பக்கம் இறங்கினால் கார் நிறுத்துமிடமும், அன்று விளையாட்டுப் பயிற்சி மைதானமாக இருந்த இடமும். எல்லாமே நான் மனதில் வைத்திருந்ததை விடச் சின்னதாக இருக்கிறது. பத்து நிமிடத்தில் முழுவதையும் நடந்துவிடலாம்.

காமன்ஸின் ஓரத்தில் ஒரு மணி இருக்கிறது. கால்பந்தில் ஜெயித்தால் அடிக்கிற வெற்றி மணி. 1970 மே 4 மதியம் அதை அடித்துத்தான் கூட்டம் சேர்த்தார்கள். கூட்டத்துக்குத் தடை போட்டிருந்தார்கள், ஆனால் பலருக்கு அது தெரியவே இல்லை. சுமார் 3,000 பேர். அவர்களில் கோஷம் போட்டவர்கள் ஐந்நூறு பேர் இருக்கலாம். மற்றவர்கள் கூட நின்றவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள், வகுப்பு விட்டுச் சாப்பிடப் போகிறவர்கள். ஜீப்பில் வந்து கலையச் சொன்னார்கள். கல் பறந்தது. கண்ணீர்ப்புகை வீசினார்கள், காற்று அதைக் கலைத்துவிட்டது. படை மேட்டில் ஏறி மறுபக்கம் பயிற்சி மைதானத்தில் இறங்கி, வேலியில் முட்டிப் பத்து நிமிடம் போல நின்றது. அப்புறம் திரும்பி மேடேறியது. எல்லாம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள்.

உச்சியில், கான்கிரீட் குடை போன்ற ஒரு சிறு கூரைக்குப் பக்கத்தில், சிலர் சட்டென்று திரும்பிச் சுட்டார்கள். 12:24 மணி. 28 பேர், 13 நொடி, 61 முதல் 67 குண்டுகள்.

13 நொடி என்றால் என்ன என்று அந்தக் கூரையடியில் நின்று கடிகாரம் பார்த்தேன். நீண்ட நேரம் அது. நிறுத்தச் சொல்லவும், நிறுத்தவும் போதுமான நேரம்.

பக்கத்திலேயே எஃகுத் தகடுகளால் ஆன ஒரு சிற்பம் நிற்கிறது. ஒரு தகட்டில் குண்டு துளைத்த ஓட்டை, கருவியால் போட்டது போல வட்டமாக. சத்தம் கேட்டபோது வெற்று வெடி என்று நினைத்து நின்றுவிட்டதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தகட்டைப் பார்த்த பிறகு அதைப் படிக்க முடியவில்லை எனக்கு.

ஜெஃப்ரி மில்லர், 20 வயது, 265 அடி தூரத்தில் நின்றவர். அலிசன் க்ராஸ், 19 வயது, 343 அடி. வில்லியம் ஷ்ரோடர், 19 வயது, 382 அடி. சாண்ட்ரா ஷோயர், 20 வயது, 390 அடி. நாலு பேரில் மிக அருகில் இருந்தவரே எண்பது மீட்டருக்கு அப்பால். ஒன்பது பேர் காயமடைந்தார்கள். அவர்களில் டீன் கேலர் அதற்கப்புறம் நடக்கவே இல்லை. ஷ்ரோடர் அந்த ஆர்.ஓ.டி.சி. பிரிவில் உதவித்தொகை பெற்றுப் படித்தவர். யாருடைய கட்டடம் எரிந்ததென்று படை வந்ததோ, அந்தப் பிரிவின் பிள்ளையே குண்டடிபட்டுச் செத்தான். ஷோயர் பேச்சுக் குறைபாட்டுக்குச் சிகிச்சை தரும் படிப்பு படித்துவந்தவர். வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

சுட்ட பிறகும் மாணவர்கள் கலையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். படை இரண்டாம் முறை சுடும் நிலை. நிலவியல் பேராசிரியர் க்ளென் ஃபிராங்க் அழுதுகொண்டே கெஞ்சி அவர்களை எழுப்பி அனுப்பினார். எத்தனை உயிரை அவர் காப்பாற்றினார் என்று சொல்ல யாராலும் முடியாது. ஒரு ஆசிரியராக அந்த மனிதரை நினைத்துக் கொஞ்ச நேரம் அந்தப் புல்லில் உட்கார்ந்திருந்தேன்.

டெய்லர் ஹாலில் மாணவர் பத்திரிகை அலுவலகம் இருந்த இடம் 2013லிருந்து பார்வையாளர் மையமாக இருக்கிறது. மேரி ஆன் வெக்கியோ என்ற பதினான்கு வயதுப் பெண் மில்லரின் உடல் பக்கத்தில் மண்டியிட்டுக் கதறும் படம் உலகம் முழுக்கத் தெரிந்தது. ஜான் ஃபைலோ என்ற மாணவர் எடுத்தது, புலிட்சர் பரிசு பெற்றது. என்னை அதிகம் உலுக்கியது ஊர்க்காரர்கள் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களும், 1990லிருந்து பல்கலைக்கழகம் சேர்த்துவரும் வாய்மொழிப் பதிவுகளும். "இன்னும் நிறையப் பேரைச் சுட்டிருக்க வேண்டும்" என்று அக்கம்பக்கத்தார் சொன்னதை ஒருவர் இல்லை, பல பேர் நினைவு கூர்கிறார்கள். ஊர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. சில நாளில் காலப் என்ற நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பில் நாட்டில் 58 சதவீதம் பேர் மாணவர்கள் மேல்தான் பழி என்றார்கள். படை மேல் பழி சொன்னவர்கள் 11 சதவீதம்.

வீட்டில் நடந்ததை வீட்டுக்கார அம்மா மாலையில் சொன்னார். அன்று பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டார்கள். தொலைபேசி எதுவும் வேலை செய்யவில்லை. செத்தது இரண்டு படைவீரர்கள் என்றுதான் முதலில் தெருவில் பேச்சு. பல்கலைக்கழகத்தை மூடி, மாணவர்களைச் சில மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். அண்ணன் ஐந்து மணிக்கு வந்தான், சட்டையெல்லாம் யாருடைய ரத்தமோ.

"அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அப்பா வாசலிலேயே நின்றார். 'நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்?' என்று கேட்டார். 'வகுப்புக்குப் போனேன்' என்றான் அண்ணன். 'அங்கே நின்றிருந்தால் உன்னையும்தான் சுட்டிருக்க வேண்டும்' என்றார் அப்பா. அடுப்பில் ஏதோ தீய்ந்து வீடெல்லாம் புகை. யாரும் போய் அணைக்கவில்லை. அண்ணன் மாடிக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போனான். பாடத்தைத் தபாலில் முடித்தான், பட்டமும் வாங்கினான். ஆரிகனில் வேலை. அம்மா இறந்தபோதுதான் இந்த வீட்டுக்குள் திரும்ப வந்தான்."

ஒரு வாரம் கழித்துக் கடையில் ஒருவர் அப்பாவைப் பார்த்து நாலு விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாராம். அப்பாவும் சிரித்தார். இவருக்கு அர்த்தம் புரியவில்லை. செத்த நாலு பேரின் கணக்கு அது என்று பள்ளியில் பெரிய பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது.

கண்ணாடி உடைந்ததற்கும் தீ வைத்ததற்கும் கோபப்பட ஊருக்கு உரிமை இருந்தது. அதிபர் அமைத்த ஸ்க்ரான்டன் குழுவும் மாணவர்களின் வன்முறையைக் கண்டித்தது. அதே குழுதான் அந்தத் துப்பாக்கிச் சூடு தேவையற்றது, நியாயமற்றது, மன்னிக்க முடியாதது என்றும் எழுதியது. ஆனாலும் அந்த அக்டோபரில் மாவட்ட நடுவர் குழு படையைக் குற்றமற்றதென்று விட்டுவிட்டு, மாணவர்களும் ஒரு பேராசிரியரும் உட்பட 25 பேர் மேல் குற்றம் சாட்டியது. 1974ல் எட்டுப் படைவீரர்கள் மேல் போட்ட வழக்கு நிற்கவில்லை. 1979ல் சமரசம். பதின்மூன்று குடும்பங்களுக்கும் சேர்த்து 6,75,000 டாலர். செத்த பிள்ளை ஒவ்வொருவருக்கும் 15,000. கூடவே வருத்தம் தெரிவித்து ஒரு காகிதம். "என் மகள் உதவாக்கரை இல்லை" என்று தொலைக்காட்சியில் சொன்ன அலிசனின் அப்பாவுக்கு அந்தக் காகிதம் என்ன ஆறுதல் தந்திருக்கும்?

மதியம் 12:24க்கு மணி அடித்தார்கள். பேச்சு எல்லாம் நின்றது. ஒரு குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

மே 5

பெட்டி கட்டிவிட்டேன். கிளம்புமுன் தனியாக ஒரு முறை போய்வந்தேன்.

நினைவிடம் 1990ல்தான் வந்தது. பணம் சேராமல், எதிர்ப்பும் சேர்ந்து, முதலில் திட்டமிட்டதில் ஒரு சிறு பகுதியே கட்டினார்கள். சரிவில் 58,175 டாஃபடில் கிழங்குகள் நட்டார்களாம், வியட்நாமில் இறந்த அமெரிக்கர்கள் எத்தனை பேரோ அத்தனை. ஏப்ரலில் பூக்கும் பூ அது. இப்போது தாள் மட்டும் மஞ்சளடித்துச் சாய்ந்து கிடக்கிறது. பயிற்சி மைதானத்தின் ஒரு பகுதியில் உடற்பயிற்சிக் கூடம் நிற்கிறது. அதைக் கட்டக் கூடாதென்று 1977ல் மாணவர்களும் இறந்தவர்களின் பெற்றோரும் இங்கே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். கைது செய்துவிட்டுக் கட்டினார்கள். அதனால் அன்று படை நடந்த வழியை முழுதாக நடக்க இன்று வழியில்லை. இந்த நினைவாக ஜார்ஜ் சீகல் என்ற சிற்பி செய்த, பைபிள் கதையின் ஆபிரகாம், ஈசாக்கு சிற்பத்தையும் பல்கலைக்கழகம் வேண்டாம் என்றது. மகன் மேல் கத்தி ஓங்கிய தகப்பன் இப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நிற்கிறார்.

கார் நிறுத்துமிடத்தில் நான்கு இடங்களைச் சுற்றிக் குட்டையான விளக்குத் தூண்கள் நட்டது 1999ல். அதுவரை இருபத்தொன்பது வருடம், அந்தப் பிள்ளைகள் ரத்தம் சிந்திய இடத்தின் மேல் தினமும் யாராவது காரை நிறுத்திவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

திரும்பி வந்து அதைச் சொன்னேன். வீட்டுக்கார அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தூண் வைத்த வருடம் அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். அவருக்கு எழுபத்தொன்பது வயது. வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. காரிலிருந்து இறங்கவும் இல்லை. கண்ணாடியை மட்டும் இறக்கிப் பார்த்தார். 'வகுப்புக்குப் போன பெண் எது?' என்று கேட்டார். கையைக் காட்டினேன். ரொம்ப நேரம் கழித்து, 'கூடைப்பந்து பார்க்க வந்தால் நான் இங்கேதான் வண்டியை நிறுத்துவேன்' என்றார்."

"அண்ணனிடம் சொன்னீர்களா?"

"அன்று ராத்திரியே போன் பண்ணினேன். வெகு நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம், அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டான்."

வெளியே தம்பி மகனின் கார் வந்து நின்றது.